மடித்துக்கொண்டே போன திரை

எங்கள் வீட்டில் எதற்கும் சாம்பிள் பார்த்தாக வேண்டும். பனியன் ஆர்டர் வந்தால், அளவுக்கு ஒன்றாகத் தைத்து அனுப்பி, வாங்குகிற பையர் சரி என்ற பிறகுதான் மொத்தச் சரக்கையும் வெட்டுவோம். அந்தப் புத்தி வீட்டு வேலைக்கும் கூடவே வரும். மாடியில் சரக்கு அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, படம் பார்க்கிற அறையாக்கலாம் என்று நான் ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார்.

"சாம்பிள் பாக்காம திரை வாங்கக்கூடாது அம்மிணி. செவுத்துல மாட்டிப்போட்டு அப்புறம் பெருசு, சிறுசுன்னு நிக்க முடியாது."

அந்த அறை என்னுடைய ஆசை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு படத்தைக்கூட முழுசாகச் சேர்ந்து பார்த்ததில்லை. பாதியில் கம்பெனியிலிருந்து போன் வரும். இவர் எழுந்து போவார். நான் முறுக்குப் பொட்டலத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பேன். இனிமேல் ஒரே சோபாவில், பக்கத்தில் பக்கத்தில், கடைசி வரைக்கும் பார்த்தே தீருவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

திரை விற்கிற கடைக்காரர் மூன்று அளவு சொன்னார்: நூறு அங்குலம், நூற்றிருபது, நூற்றைம்பது. மூலைக்கு மூலை குறுக்காக அளக்கிற கணக்காம். நாங்கள் நெஞ்சளவைக்கூடத் துணியைத் தட்டையாகப் போட்டுப் பாதியாக அளக்கிற ஆட்கள். ஒன்றும் பிடிபடவில்லை. கல்லூரி லீவுக்கு வந்திருந்த மகள்தான் செல்போனைப் பார்த்து அகலம், உயரம் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். கம்பெனியிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்து மூன்று அளவிலும் வெட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியதைச் சுவரில் ஒட்டினோம். நட்ட நடுவில் மகள் தன் நெற்றிப்பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டினாள். சோபாவில் உட்கார்ந்து அந்தப் பொட்டையே பார்க்க வேண்டும். கண்ணைத் திருப்பாமலே ஓரங்கள் தெரிந்தால் அளவு சரி. கடைக்காரர் சொல்லித்தந்த வழி இது. நான் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. அடுத்து என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார்.

"பெருசு. ஓரமே தெரியலை."

சரி என்று நூற்றிருபதை ஒட்டினோம். அதுவும் பெரிசாம். நூறை ஒட்டினோம். "ம்ஹும். ஓரம் தெரியலை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, வாங்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போடுங்க. எதுக்குங்க இத்தன நடிப்பு?"

"வெளிநாட்டு பையர்கூட இத்தன குத்தம் சொல்லமாட்டாங்கப்பா" என்று மகள் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். "மடிச்சுக் காட்டு கண்ணு, பாக்கலாம்."

அவள் துணியை இரண்டு பக்கமும் உள்ளே மடித்தாள். "இன்னும் மடி." மடித்தாள். மேலேயும் கீழேயும் மடித்தாள். "இன்னுங் கொஞ்சம்." நானும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். துணி சுருங்கிச் சுருங்கிக் குளிக்கிற துண்டு அளவுக்கு வந்துவிட்டது.

"ஆங்! இப்பத்தான் நாலு ஓரமும் தெரியுது. இந்த அளவு சரி."

அந்த முகத்தைப் பார்த்தேன். இவர் கேலி பேசினால் மீசை ஓரம் துடிக்கும். அன்றைக்குத் துடிக்கவில்லை.

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். துணியை விட்டு இரண்டடி தள்ளி நின்று கையைத் தூக்கி ஆட்டினாள். "அப்பா, பொட்டையே பாருங்க. என் கை தெரியுதுங்களா?"

"எந்தக் கை? நீ எங்க நிக்கிற?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரிக் கேட்டார்: "அப்ப உங்களுக்கெல்லாம் ஓரம் தெரியுதா?"

அய்யோ, இந்த மனுசன் முந்தின நாள்தான் எங்களை வைத்துத் தாராபுரம் வரை கார் ஓட்டிப் போய்வந்திருந்தார்! லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற ரோடு. அன்று காலையில்கூட, நாங்கள் வெட்டக் கொண்டுவந்த அதே வெள்ளைத் துணியில், என் கண்ணுக்கே படாத ஒரு பொத்தலை விரல் வைத்துக் காட்டியிருந்தார். கம்பெனியில் இவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளியே போகாது. இந்தக் கண்ணா? எனக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் கேட் தூணில் உரசி உரசி இடப்பக்கம் கோடு விழுந்த கார் வாசலில்தான் நின்றது. இவர் கை தட்டிவிட்ட டம்ளர்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அப்போதே கார் சாவியை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாளே கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு, வாடகைக் காரில் போனோம்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது என்றார் டாக்டர். வலி இருக்காதாம். பார்வை ஓரத்திலிருந்துதான் போகுமாம். நடுப்பார்வை நன்றாகவே இருப்பதால் ஆளுக்கே தெரியாதாம். போனது போனதுதான், வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். "பார்க்கலாம்" என்கிற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அளவைக் கேட்டுக் கடைக்காரர் போன் செய்தபோது இவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பெருசே வாங்கு அம்மிணி. நீ ஆசப்பட்டது. நான் கடேசிச் செவுத்தோரம் ஒரு சேர் போட்டுக்கறேன். தள்ளி உக்காந்தா ஓரம் தெரியுது."

யாருக்கும் தெரியாமல் மாடிக்குப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நீங்க அங்கயும் நான் இங்கயும் உக்காரவாங்க இந்த ரூமு?" என்று கத்திவிட்டேன்.

இருப்பதிலேயே சிறியதை வாங்கினோம். சோபாவைக் கடைசிச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். வருகிற சொந்தக்காரர்கள், "இத்தன பெரிய ரூமுக்கு இத்தினியூண்டு திரையா?" என்கிறார்கள். எங்களுக்கு அளவாக இருக்கிறது என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். இப்போது படத்தைக் கடைசி வரை பார்க்கிறோம். போன் வந்தாலும் இவர் எழுந்து போவதில்லை.

போன வாரம் படம் பாதி ஓடும்போது என் காதோரம் சொன்னார்: "அம்மிணி, இதக் கொஞ்சம் மடிச்சா நல்லாருக்கும்."

எனக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் மீசை ஓரம் துடித்துக்கொண்டிருந்தது. தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அடித்த கையை அவர் மேலேயே வைத்துக்கொண்டு மிச்சப் படத்தைப் பார்த்தேன்.