இல்லை என்போர்

பேச எழுவதற்கு முன் அக்கா இரண்டு செருப்பையும் கழற்றி மேசைக்கடியில் ஓரமாகத் தள்ளிவிடுவார். தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறினால்தான் அவருக்குப் பேச்சு கோவையாக வரும். "என்னக்கா, கால் வலிக்குதா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை கேட்டார். "இல்லப்பா, சண்டை போடப் போறேன். செருப்பு கால்ல இருந்தா கைக்கு வந்துடும்" என்றார்.

சட்டமன்றத்தில் அவருக்கு 'மைக் கட் அக்கா' என்று பெயர். ஆளுங்கட்சி உறுப்பினர்தான். ஆனாலும் பட்ஜெட், வீட்டுவசதி, வங்கி இந்த மூன்றில் எது விவாதத்துக்கு வந்தாலும் முதல் ஆளாகப் பெயரைக் கொடுத்துவிடுவார். அவர் பேசத் தொடங்கிய சற்றைக்கெல்லாம் சபாநாயகரின் விரல் பொத்தானைத் தேடும். மைக் அணைந்தால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். இவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கீழ்க்கோர்ட்டில் வாடகைக் குடித்தனக்காரர்களுக்காக வாதாடி, மின்விசிறியின் கடகடப்புக்கும் வராந்தா இரைச்சலுக்கும் மேலே எழும்பிப் பழகிய குரல் அது. ரகசியம் பேசவே வராது. துக்க வீட்டில் காதோடு காதாக அவர் சொன்ன ஆறுதல் தெருமுனை வரை கேட்டதாக வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். விவாத நாட்களில் தொலைக்காட்சி முன் அவர் இருப்பதும் ஓட்டுநர் இருக்கையில் இருப்பது மாதிரிதான், முதுகு சாயாது. நிதியமைச்சர் பேசினால் சத்தத்தை அடியோடு குறைப்பார். மனைவி எழுந்ததும் கூட்டுவார். மைக் அணைந்ததும் இன்னும் கூட்டுவார், கூட்டி ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும்.

பட்ஜெட் புத்தகத்தை அக்கா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முன்னாடி இருக்கறது கை தட்டறதுக்கு. பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதுதான் விஷயம்" என்பார். இந்த வருடம் அப்படிப் படித்தபோதுதான் அந்த வரியில் வந்து முட்டிக்கொண்டார்.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்தி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடியேற்றினார்கள். மேடையில் அதற்குப் பெயர் 'சொந்த வீடு'. விலையில் பாதி அரசாங்கம் கொடுத்தது, மீதி குடியேறியவர்கள் தலையில் கூட்டுறவு வங்கிக் கடனாக விழுந்தது. இரண்டாவது மழைக்கே தூண்களில் விரிசல் ஓடியது. மாடிப்படியின் கைப்பிடி பிடித்தவர் கையோடு வந்தது. 'குடியிருக்கத் தகுதியற்றது' என்று நோட்டீஸ் ஒட்டி, எல்லோரையும் வெளியேற்றி, கட்டடத்தைப் பூட்டினார்கள். குடும்பங்களெல்லாம் ஒரு பழைய சமுதாயக் கூடத்தில், சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு ஒண்டியிருந்தன. வங்கி மட்டும் மாதம் தவறாமல் தவணை கேட்டது.

அங்கிருந்து ஒரு இஸ்திரிக்காரம்மா அக்காவைத் தேடி வந்தார். "பூட்டின வீட்டுக்குத் தவணை கேக்குறாங்கக்கா. சாவியக் குடுங்க, கட்டறேன்னேன். சாவி எங்ககிட்ட இல்ல, கடன்தான் இருக்குங்கறாங்க."

அக்கா அந்த அம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். மேலாளர் எழுந்து வந்து அக்காவுக்கு நாற்காலி போட்டார். இஸ்திரிக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். "உங்க பேங்க்ல ஒரே நாற்காலிதானா?" என்று கேட்டுவிட்டு அக்காவும் நின்றார். இரண்டாவது நாற்காலி வந்தது, நியாயம் வரவில்லை. "சட்டம் அப்படிங்க மேடம். வீட்டுல விரிசல் விட்டா கடன்லயுமா விரிசல் விடும்?" என்று மேலாளர் தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார்.

கடனிலும் விரிசல் விடும் என்பதைத்தான் பட்ஜெட்டின் பொடி எழுத்து சொன்னது, ஆனால் அது வேறொருவர் கடனில். அந்தக் கட்டடத்தைக் கட்டிய காண்ட்ராக்டர் அதே வங்கியில் வாங்கித் திருப்பித் தராத கடன் தள்ளுபடி ஆகிறது. வங்கிக்கு அதனால் வரும் நட்டத்தை அரசு ஈடு செய்கிறது. அக்கா அதை மறுபடி மறுபடி படித்தார்.

"ஏம்மா, டீ ஆறுது" என்றார் வீட்டுக்காரர்.

"ஆறட்டும்ங்க. எனக்கு ஆறல."

விவாதத்தன்று கட்சியின் கொறடா அவரை நடைவழியிலேயே மடக்கினார். "அக்கா, நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துடுங்க. அடுத்த தடவையும் சீட்டு வேணுமில்ல?"

"சீட்டு எதுக்குப்பா, உக்காந்தே இருக்கறதுக்கா?"

அவையில் எழுந்தபோது குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்துதான் இருந்தது. "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! விரிசல் விட்ட வீட்டைக் கட்டினவருக்குத் தள்ளுபடி. அதுல குடியிருந்தவங்ககிட்ட வசூல். இது என்ன கணக்குன்னு அமைச்சர் சொல்லணும்."

நிதியமைச்சர் சிரித்த முகமாக எழுந்தார். அவருடைய முதல் தேர்தலில் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவரே அக்காதான். "அக்கா வக்கீல். வழக்கு வேற, கணக்கு வேற. வங்கி முங்கினா ஏழைங்க போட்ட பணமும் சேந்துதான் முங்கும். வங்கியைக் காப்பாத்தறதுதான் ஏழையைக் காப்பாத்தறது." மேசைகள் தடதடவென்று அதிர்ந்தன.

"வங்கியை முக்கினது யாரு? இஸ்திரி போடற பொம்பளையா?"

மைக் அணைந்தது. இப்போதுதான் அவருக்கு நிஜக் குரல் வந்தது. "தலைக்கு மேல கூரை இல்ல. அந்தக் கூரைக்குத் தவணை மட்டும் நிக்கல! காண்ட்ராக்டர் வீட்டுச் சுவத்துல ஒரு கீறல் இருக்கான்னு யாராவது போய்ப் பாத்தீங்களா?"

"உறுப்பினர் பேசியது அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றார் சபாநாயகர்.

"பேப்பர்லருந்து நீக்குங்க. தூண்லருந்து நீக்க முடியுமா?"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரைச் சுட்டது. தெரியாமல் செய்கிறவர்கள் என்றால் எடுத்துச் சொல்லலாம். இவர்கள் எல்லோரும் அந்தக் கட்டடத் திறப்பு விழாவுக்குப் போய் மாலை வாங்கிக்கொண்டவர்கள். காண்ட்ராக்டர் யார், யாருக்கு வேண்டியவர் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

வாக்கெடுப்பு வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் வேறெதற்கோ வெளிநடப்பு செய்துவிட்டு வாசலில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஆம் என்போர்" என்று சபாநாயகர் கேட்டதும் அவை முழங்கியது. "இல்லை என்போர்" என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்ற நினைப்பில் அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.

"இல்லை!"

ஒரே குரல். பார்வையாளர் மாடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கொறடா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆம் என்போரே அதிகம். நிறைவேறியது" என்று அவசரமாகச் சொல்லி முடித்தார் சபாநாயகர். அக்கா உட்கார்ந்தார். மேசைக்கடியில் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "டிவில கேட்டுச்சா?"

"ஒரு எழுத்துகூடக் கேக்கல. உன் வாயைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். அதற்குப் பிறகுதான் அக்கா அழுதார்.

கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. அலுவலக வாசலில் இருந்த கட்சிப் பலகையைக் கழற்ற வந்தவர்கள் சங்கடத்தோடு நின்றார்கள். "கழட்டுங்கப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பார்வையாளர் மாடத்தில் யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்த அந்த ஒற்றை 'இல்லை' கைபேசிகளில் ஊர் சுற்றியது. இஸ்திரிக்காரம்மா கூடத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு நாள்தோறும் வங்கி வாசலில் போய் நின்றார். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. உள்ளே போகிற ஒவ்வொரு அதிகாரியிடமும் ஒரே வாசகம்தான். "சாவியக் குடுங்க, தவணையக் கட்டறோம்." பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து நிதியமைச்சரும் சமுதாயக் கூடத்துக்கு வந்தார்.

வீடுகளைச் சரிசெய்து கொடுக்கும் வரை தவணை நிறுத்திவைக்கப்படும் என்று அறிவித்தார். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். இஸ்திரிக்காரம்மா அங்கே வந்திருந்த அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துத் தேம்பினார். அக்காவுக்கும் மகிழ்ச்சிதான், இல்லாமல் இருக்குமா? ஆனால் அவர் காது அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தது. அது வரவே இல்லை.

"காண்ட்ராக்டர் தள்ளுபடி என்னாச்சுப்பா?" என்று கேட்டார். வழக்கம்போல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அதை அப்புறம் பேசிக்கலாம்க்கா" என்று பல்லைக் காட்டியபடியே முணுமுணுத்த அமைச்சர், தவணையை நிறுத்தும் ஆணையைக் கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். "நீங்களும் ஒரு ஓரம் பிடிங்க. நமக்குள்ள என்ன இருக்கு?"

"அம்மா, கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார் புகைப்படக்காரர்.

அக்கா கிட்டே வந்தார். கேமராவை நேராகப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுகக் கோத்துக்கொண்டார்.