முதல் பெயர் அவருடையது

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றபோது துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எங்கள் துறைத்தலைவர் பேராசிரியர் தணிகாசலம் அவர்கள் விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். அடுத்த வரியிலேயே, அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. சாவுச் செய்தியிலுமா இது என்று எரிச்சல்தான் வந்தது. அழுகை வரவில்லை.

நினைவு மலருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். எனக்குத் தெரிந்த சாரைப் பற்றித்தானே நான் எழுத முடியும்?

மறைமலை நகர் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரியில் நான் சேர்ந்த முதல் வாரமே சார் விதியைச் சொல்லிவிட்டார். துறையிலிருந்து எந்தக் கட்டுரை போனாலும் முதல் பெயர் அவருடையது. மேற்கோள் பட்டியலில் அவருடைய பழைய கட்டுரைகள் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் தட்சணை. இப்படித்தான் சார் சிமென்ட்டுக்கும் நிபுணர், சர்க்கரை நோய்க்கும் நிபுணர், மீன் வளர்ப்புக்கும் நிபுணர் ஆனார். ஒருமுறை சக ஆசிரியர் ரவியிடம், இறால் குட்டை பற்றிய கட்டுரையில் தன் சிமென்ட் கட்டுரையைச் சேர்க்கச் சொன்னார்.

"இதுக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"குட்டைக்குக் கரை கட்ட மாட்டாங்களா? போடுய்யா."

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுபவர் என்று ரவி அன்று முணுமுணுத்தார். பாவம், இரண்டாவது ஆசையும் இப்போது நிறைவேறிவிட்டது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிளாஸ்கில் காபியோடு வந்து நின்றவர் சார் ஒருவர்தான். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தப் பேப்பரை அனுப்பிட்டியாம்மா?" என்றும் கேட்டார்.

அந்தப் பேப்பர் கிழக்குத் தாம்பரத்துக் கிணறுகளைப் பற்றியது. வெயிலில் அலைந்து தண்ணீர் பிடித்தது நான். இரண்டு பாட்டில்களின் சீட்டை மாற்றி ஒட்டியதும் நான்தான். அங்கே குடியிருக்கும் கோவிந்தம்மா அக்கா வீட்டு நல்ல கிணறு கெட்டதென்று அச்சாகிவிட்டது. அவர் தெருக்கோடியில், கழிவுநீர் கசிந்து நைட்ரேட் ஏறிய கிணறு நல்லதென்று அச்சாகிவிட்டது. அந்த நைட்ரேட் காய்ச்சினாலும் போகாது. கைக்குழந்தைகளுக்குப் பால்பவுடர் கரைப்பதும் அதில்தான்.

தப்பு தெரிந்த அன்றே திருத்தம் எழுதி சாரிடம் ஓடினேன். முதல் பெயர்க்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அதை, கட்டுரை வெளியான ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்ப முடியும்.

"இதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கான் தெரியுமா? என் பேப்பர்லயே இதுதான் டாப். திருத்தம் கிருத்தம்னு என் பேரைக் கெடுக்காதே. போய் வேலையைப் பாரும்மா."

தெருவுக்குப் போய் வாயால் சொன்னேன். பேப்பரின் நகலைக் கோவிந்தம்மா அக்கா பத்திரமாக வைத்திருந்தார்.

"அச்சுல போட்டுக்கீது. பெரிய சார் பேரு மொதல்ல கீது. இத்த படிச்சுட்டு ஒருத்தரும் என் கெணத்தாண்ட வர்றதில்ல. இப்ப நீ வந்து இல்லன்ற. தெருவுல இன்னா கேட்டாங்க தெரியுமா? 'அச்சுல காட்டச் சொல்லு'ன்றாங்கம்மா."

திரும்பி வந்து மறுபடி கேட்டேன். சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருடம். அவரைத் திட்டும் ஒவ்வொரு முறையும் என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

சேலையூர் வீட்டில் சாருக்கு மாலை போட்டுவிட்டு நேரே கல்லூரிக்குப் போனேன். திருத்தத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். முதல் ஆசிரியர் ஏன் கையெழுத்திடவில்லை என்று படிவத்தில் ஒரு கட்டம் கேட்டது. 'காலமானார்' என்று நிரப்பினேன். நேற்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அச்சானதும் முதல் பிரதியைக் கோவிந்தம்மா அக்கா கையில் கொடுப்பேன். அடுத்தது தெருக்கோடியில் குழந்தை வைத்திருக்கும் வீடுகளுக்கு.

போய் வாருங்கள் சார். உங்கள் விதியை நான் மீறவில்லை. 'நாங்கள் தவறு செய்தோம்' என்று தொடங்கும் அந்தத் திருத்தத்திலும் முதல் பெயர் உங்களுடையதுதான்.