பூஜையில் வைத்த பூட்டு

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு ராணுவ லாரி நிற்கிறது. உலகப் போர்க் காலத்து வண்டி. ஷேர் ஆட்டோக்காரர்கள் எங்கள் தெரு முனையை "மிலிட்டரி லாரி ஸ்டாப்" என்றுதான் சொல்வார்கள். இருபத்தைந்து வருடமாகத் தினமும் தாம்பரத்தில் ரயிலேறி ஆபீஸ் போய் வருகிறேன். எனக்குக் கிடைக்காத பேர் அந்த இரும்புக்குக் கிடைத்துவிட்டது என்று என் கணவரிடம் சொல்லிக் காட்டுவேன்.

வாங்கியவர் அவர்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தார். ஒரு நாள் அவர் பராமரித்த மெஷின்களையெல்லாம் வடக்கே எங்கோ ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திநான்கு. அடுத்த ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தார். பேச்சு நின்றேபோனது. காபி வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவார். எனக்கு உள்ளூர நடுக்கம். அதை நடுக்கமாகக் காட்டத் தெரியாது, கத்துவேன்.

அப்புறம்தான் லாரி வந்தது. மூடிப்போன ஒரு பட்டறையின் பின்னால் வேலிக்கருவை முளைத்துக் கிடந்ததை கிரேனில் தூக்கி வந்து இறக்கினார்கள். கோபத்தில் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவரோ பேச ஆரம்பித்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் கார்புரேட்டர், படுக்கப் போனால் கியர் பெட்டி. காது புளித்துப்போகிறது என்று அலுத்துக்கொள்வேன். மனசுக்குள் மட்டும் அந்த லாரிக்குக் கும்பிடு போடுவேன்.

குரோம்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். இரண்டு பேருமாக மூன்று வருடம் அதன் அடியில் படுத்துக் கிடந்தார்கள். கடைசியில் எஞ்சின் உறுமியபோது தெருநாய்கள் எல்லாம் ஏரிக்கரைக்கே ஓடிப்போயின. இனி பழைய வாகனமாகப் பதிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி. ஒரு குழு வந்து பார்க்கும், எல்லாம் அசலாக இருந்தால் ரோட்டில் ஓட்டலாம். ஓட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போய், பழைய தொழிற்சாலை வாசலில் நிறுத்தி, ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் ஊர் சும்மா விடுமா? முதலில் பக்கக் கண்ணாடி போனது. அப்புறம் பின் விளக்கு. யாரோ பிளேடால் கித்தான் கூரையைக் கிழித்தார்கள். பச்சைப் பெயின்டில் ஒரு காதல் ஜோடி ஆணியால் தங்கள் பெயரைக் கீறி, இதயம் வேறு போட்டுவிட்டுப் போனது. தேர்தல் வந்தால் போஸ்டர். பக்கெட் தண்ணீரோடு போய் நான்தான் சுரண்டுவேன். சுரண்டும்போது கட்சி வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் திட்டுவேன்.

அவர் ஒவ்வொன்றாகக் காவல் போட்டார். மனைக்கு மதில் எழுப்பி இரும்பு கேட் வைத்தார். ராணுவ லாரிக்குக் கதவில் பூட்டு கிடையாதாம், போரில் யார் சாவி தேடிக்கொண்டிருப்பார்கள் என்பார். அதனால் பானட்டைச் சுற்றிச் சங்கிலி போட்டார். கேட்டுக்கு ஒன்று, சங்கிலிக்கு ஒன்று என்று உள்ளங்கை அகலத்தில் இரண்டு பூட்டு. தினமும் சாயங்காலம் எஞ்சினிலிருந்து ரோட்டார் என்ற கட்டைவிரல் அளவுத் துண்டைக் கழற்றிக்கொண்டு வருவார். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. அது என் சமையலறையில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். கேமராகூட வைத்தார். அது தன் பால்கனியைப் பார்க்கிறது என்று எதிர்வீட்டு அக்கா சண்டைக்கு வந்ததால் கொஞ்சம் திருப்பி வைத்தோம். அன்றிலிருந்து அது எங்கள் முருங்கை மரத்துக்குக் காவல்.

பதிவுக் குழு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆயுத பூஜை வந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆயுத பூஜை என்றால் நான் பிடிவாதக்காரி. எங்கள் அம்மா வீட்டு வழக்கப்படி, வீட்டில் உழைக்கிற இரும்பு எதுவும் விட்டுப்போகக் கூடாது. அரிவாள்மணை, கத்தரிக்கோல், சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவேன். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை ஒருவரும் தொடக் கூடாது. அந்த வருடம் லாரிக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. லாரிக்காக உழைப்பவை என்று ரோட்டாரையும் பூட்டுகளையும் சங்கிலியையும்கூடக் கொண்டுவந்து தட்டில் வைத்தேன். இதுவரை காத்ததே அவைதானே, அவற்றுக்கு ஒரு பொட்டு வைக்காமல் எப்படி விடுவது?

விளக்கேற்றி முடித்ததும் அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"பூட்டை மட்டும் எடுத்துக்கட்டுமா? கேட் சும்மா சாத்தியிருக்கு."

"சாமி முன்னாடி வெச்சதை எடுக்கறதா? ஒரு ராத்திரிதானே. திருடனும் இன்னிக்கு அவன் கடப்பாறைக்குப் பொட்டு வெச்சுட்டுப் படுத்திருப்பான்."

அவரே சிரித்துவிட்டார். நல்ல ஜோக் அடித்துவிட்ட பெருமை எனக்கு. கேட்டைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்து படுத்தார்.

விஜயதசமி காலையில் கோலம் போட வெளியே வந்தவள் கேட் திறந்து கிடப்பதைப் பார்த்தேன். வாழைக்கன்று சாய்ந்திருந்தது. பானட் தரையில் கிடந்தது. ரேடியேட்டர், பேட்டரி, கார்புரேட்டர், டைனமோ என்று தாமிரமும் பித்தளையும் இருந்த இடமெல்லாம் வெறும் ஓட்டை. டாஷ்போர்டில் வண்டியின் எண் பொறித்த பித்தளைத் தகட்டை நெம்பி எடுத்திருந்தார்கள். வண்டியை யாராவது ஓட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்றுதான் ரோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தோம். ஓட்ட யாருக்கு வேண்டும்? எடைக்குப் போடத்தான் வந்திருக்கிறார்கள். கேமராவில் முருங்கை மரம் இரவு முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது.

தகவல் சொன்னதும் பாய் ஸ்கூட்டரில் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டாஷ்போர்டின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ரேடியேட்டர் போனா வேற தேடலாம் சார். தகடு பூட்ச்சே. அது இல்லன்னா இது இன்னா வண்டின்னு எவனுக்கு சொல்லுவ? வெறும் இரும்புதான் சார் கீது."

என் கணவர் தரையில் கிடந்த பானட்டைத் தூக்கிச் சக்கரத்தில் சாய்த்து வைத்தார். காலையில் எழுந்ததிலிருந்தே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டவர் மரியாதையாகவே பேசினார். கேட்டில் பூட்டு இருந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "இருந்துச்சு சார், உடைச்சுட்டாங்க" என்றார். உடைந்த பூட்டைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார் போலீஸ்காரர். தலையாட்டிவிட்டு வந்தோம்.

அதன் பிறகு நடந்ததில் சொல்ல அதிகமில்லை. பதிவுக் குழுவுக்கு அவரே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போன பொருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. லாரி அங்கேயேதான் நிற்கிறது. கேட்டும் போய்விட்டது, லாரியின் கதவுகளும் போய்விட்டன. போஸ்டர் ஒட்டினால் நான் சுரண்டப் போவதில்லை. பாய் இரண்டு ஞாயிறு வந்து பார்த்தார். இவர் வெளியே வரவில்லை. அப்புறம் அவரும் வருவதை நிறுத்திவிட்டார். காபி வேண்டுமா என்றால் இவர் தலையை ஆட்டுகிறார்.

ஆனால் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அந்த மத்தியானம் என்னை விடமாட்டேன் என்கிறது. அவர் நேராகப் பூஜை அறைக்குப் போனார். மறுபூஜை நடக்கவே இல்லை. குங்குமப் பொட்டோடு இருந்த கேட் பூட்டையும் ஹாக்ஸா ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு வந்து பின்கட்டில் உட்கார்ந்தார். விஜயதசமியன்று தொடங்குகிற வேலை விருத்தியாகும் என்று வருடா வருடம் அவரிடம் சொல்லி, முதல் வேலையாக எதையாவது செய்யவைப்பது நான்தான்.

"உள்ளதைச் சொல்லிடலாமேங்க" என்றேன். "நான்தான் பூட்ட விடலைன்னு சொல்லிடறேன்."

"எதுக்கு? ஸ்டேஷன்ல எல்லாரும் உன்னப் பாத்துச் சிரிக்கவா?"

"என்னை ரெண்டு வார்த்தை திட்டியாவது விடுங்க."

அவர் பூட்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ரம்பத்தை அதன் வளையத்தில் பதித்தார்.

"திட்டி என்ன ஆகப்போகுது? பூட்டியிருந்தாலும் இதை அறுத்துட்டுத்தான் போயிருப்பாங்க. அவங்களுக்கு இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை."

அறுக்க ஆரம்பித்தார். முப்பது வருடம் இரும்போடு பழகிய கை. முதல் பிளேடு முறிந்தது. மாற்றினார். அதுவும் முறிந்தது. சட்டை முழுக்க நனைந்துவிட்டது. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் வளையம் பாதிகூட அறுபடவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நானும் அங்கிருந்து நகரவில்லை.