வாசலில் வைத்த நீல டிரம்

நான் இலங்கையில் பதுளைப் பக்கத்து மலைத்தோட்டத்தில் பிறந்தவள். மலை ஊற்றிலிருந்து இறங்கும் எங்கள் பீலியில் தண்ணீர் இராப்பகலாகச் சும்மா கொட்டிக்கொண்டிருக்கும். அதனால் தண்ணீருக்காக ஒருநாள் ஜெபிப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆண்டவருடைய பிள்ளைகளே, என் ஜெபத்தில் கண்ணீரைவிடக் கோபமே அதிகம் இருந்தது. அதையும் அவர் கேட்டார் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

2006 ஜூன் மாதம் திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பள்ளிக்கு ஆங்கில ஆசிரியையாக வந்தேன். ஊரில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஒரு லைன் வீடு கிடைத்தது. ஒரே வரிசையில் வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அதில் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வரும். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரிலோ உப்பும் சாயப்பட்டறை வாடையும். குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு, சீவினால் கொத்துக் கொத்தாக முடி.

பெரிய நீல டிரம்மும் நாலைந்து குடங்களும் வாங்கினேன். மற்றவர்கள் குடங்களை வாசலிலேயே போட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். இவர்களுக்குத் திருட்டுப் பயமே கிடையாதா என்று நினைத்துக்கொண்டு, நான் என்னுடையதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போவேன். நான் வகுப்பில் இருக்கும்போதுதான் தண்ணீர் வரும். மாலையில் வந்தால் எல்லார் வீட்டுக் குடமும் நிறைந்திருக்கும், என்னுடையது மட்டும் காய்ந்து கிடக்கும். என்ன செய்வது என்று கேட்டால், "பாத்துக்கலாமுங்க டீச்சர்" என்பார்கள். யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது? கேட்டால் ஒரு குடம் தருவார்கள்தான், ஆனால் நான் கேட்டதில்லை. வாராவாரம் கையேந்துவதா? எனக்கும் மானம் இருக்கிறதே.

போர் தண்ணீரையே குடித்து, ஆகஸ்டில் வயிற்றுப்போக்கு வந்து படுத்தேன். தேறியதும் முழங்கால் போட்டேன். அது ஜெபமல்ல, சண்டை. "கூட்டி வந்தது நீர்தானே? தண்ணீர் தாரும். இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடும்" என்றேன். பதில் இல்லை. சரி, போகச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை டிரம்மையும் குடங்களையும் வாசலில் தள்ளினேன். யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். வேலையை விடுகிறேன் என்று சொல்லப் பள்ளிக்குப் போனால், தலைமையாசிரியை லீவு. அதற்கும் எரிச்சல்பட்டேன்.

மாலை திரும்பியபோது டிரம் அங்கேயே இருந்தது. விளிம்புவரை நல்ல தண்ணீர். குடங்களும் நிறைந்து, தட்டுப் போட்டு மூடியிருந்தன.

பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா வாசலில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். யார் பிடித்தது என்று கேட்டேன். தண்ணீர் வரும்போது யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள், வேலைக்குப் போனவர்கள் வாசலில் வைத்த குடத்தையெல்லாம் பிடித்து வைப்பதுதான் அந்த லைன் வழக்கமாம்.

"ஏனுங்க டீச்சர், இத்தன நாளா கொடத்த உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போனீங்க. நாங்க தொட்ட தண்ணி உங்களுக்கு ஆகாதாட்ட இருக்குதுன்னு நாங்களும் பேசாம இருந்துட்டோமுங்க" என்றார். அவர் குரலில் மனத்தாங்கல் இருந்தது.

அந்த இடத்திலேயே ஒரு செம்பு மொண்டு குடித்தேன். அக்கா பிசிறு வெட்டுவதை நிறுத்திவிட்டு நான் குடித்து முடிக்கும்வரை பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவர் கையால்தான் என் ஆண்டவர் எனக்குப் பதில் தந்தார்.

வேலையை விடவில்லை. மூன்று வருடமாகிறது. போர் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, என் எரிச்சலும் முழுதாகப் போகவில்லை. ஆனால் லீவு நாளில் தண்ணீர் வந்தால் லைன் முழுக்க நான்தான் பிடித்து வைக்கிறேன்.

ஜெபித்தும் வறண்டு கிடக்கிறோமே என்று நொந்திருப்பவர்களே, அவரை நம்புங்கள். எந்த நாளில் தருவார் என்று எனக்குத் தெரியாது. காலையில் புறப்படும்போது குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். நீங்களும் வையுங்கள்.