யார் கையும் தாங்காமல்

கிரிசெல் என் பக்கத்து வீட்டுக்காரி, நெசவாளி நினியனின் மகள். தாய் செத்தபின் கல்யாணம் காட்சி எதுவும் பார்க்காமல், அப்பனுக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சியே நாற்பதைத் தாண்டிவிட்டாள். அண்ணன் கில்பர்ட் கிளாஸ்கோவில் புகையிலை வியாபாரி. ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை, மகராசன்! ஆனாலும் அப்பன் வீடு மூத்த மகனுக்குத்தான். எங்கள் ஸ்காட்லாந்துச் சட்டம் அப்படி.

படுக்கையில் கிடந்தபடியே நினியன் வீட்டை மகள் பெயருக்கு எழுதினார். சாகக் கிடப்பவர் எழுதியதை வாரிசு வழக்குப் போட்டுத் தள்ளிவிடலாம். எழுதியவர் 'லீஜ் பூஸ்டி'யில் இருந்தார், அதாவது உடம்பில் தெம்போடு இருந்தார் என்று காட்டினால்தான் பத்திரம் நிற்கும். அதற்கு அவர் தேவாலயத்துக்கோ சந்தைக்கோ ஊரறிய நடந்து போய்வர வேண்டும். யார் கையும் தாங்கக் கூடாது.

சந்தை நாளன்று கிழவர் கிளம்பினார். கூடவே கிரிசெல் நடந்தாள். தெருவே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது.

"என்ன, பொணத்தப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? மீன் வாங்கப் போறேன், அவ்வளவுதான்!" என்றார் அவர்.

மீன்கூடைக்குப் பக்கத்தில் ஈரக்கல்லில் கால் வழுக்கியது. கிரிசெல்லின் கை தானாகப் போய் அவர் கையைப் பிடித்துவிட்டது.

"விடுடி பாவி!"

விட்டுவிட்டாள். மீனை வாங்கிக்கொண்டு, அவளைத் தொடவிடாமலே வீடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மீன் வேகும் முன்பே உயிர் போய்விட்டது.

கில்பர்ட் வழக்குப் போட்டான். அவள் பிடித்ததைச் சந்தையே பார்த்திருந்தது. விசாரித்தபோது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. பக்கத்தில் நின்ற நானும், மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன்! கடைசியில் அவன் வக்கீல், "அந்தம்மாவே சத்தியம் பண்ணட்டும். அவங்க என்ன சொன்னாலும் ஏத்துக்கிறோம்" என்றான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு அவளுடையது.

கிரிசெல் வலது கையை உயர்த்தினாள். "பிடிச்சேன்."

வீடு போயிற்று.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அடி பைத்தியக்காரி! இனி எங்கடி போவ? இல்லைன்னு சொன்னா நாக்கா அழுகிடும்?"

"அக்கா, எங்கப்பா கைய நான் கடைசியாப் பிடிச்சது அப்பதான். அதையும் இல்லைன்னு சொல்லச் சொல்றியா?"

எனக்குத்தான் அழுகை வந்தது. அவளோ இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை அவிழ்த்து, வக்கீலிடம் கொடுக்கப் போனாள்.