கை தெரியாத திரை

குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு முன்னறை மேசை அண்ணனுடைய லேப்டாப்புக்கே சொந்தம். பழசு. மூடியில் விரிசல், விசைகளில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. ஆனால் திரை பெரியது. அதுதான் அவனுக்கு முக்கியம்.

அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நாங்கள் இந்தத் தீவிலேயே பிறந்த பிள்ளைகள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் அண்ணனை மெயின்லேண்டில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கூடப் படித்தவர்கள் இப்போது சென்னை, கோவை, நாகர்கோவில் என்று ஆளுக்கொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வீடியோ காலில் கூடுவார்கள். கைகளால்தான் பேச்சு. போனில் அத்தனை பேரும் வந்தால் ஒவ்வொருவரும் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுவார்கள், விரல் தெரியாது. மெசேஜ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணன் எழுதுகிற தமிழ் கடையில் சாமான் கேட்கிற அளவுக்குப் போதும். அவனுடைய கிண்டலும் கோபமும் கையில்தான் இருக்கின்றன.

போன மழைக்காலத்தில் திரையில் கோடு விழ ஆரம்பித்தது. அப்புறம் மின்னியது. அதற்கப்புறம் கீழ்ப்பாதி இருண்டுவிட்டது. மூடியை ஒரு குறிப்பிட்ட சாய்வில் பிடித்தால் படம் முழுசாக வரும், விட்டால் போய்விடும். கீழ்ப்பாதி போனால் மற்றவர்களுக்கு என்னவோ, அண்ணனுக்குக் கை போச்சு. கூட்டாளிகளின் தலைகள் மட்டும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கம்பெனிக்கு நான்தான் போன் செய்தேன். வாரண்டி முடிந்தது எனக்கும் தெரியும். இலவசமாக எதையும் கேட்கவில்லை. தமிழில் பேசிய பெண், லேப்டாப் அண்ணன் பெயரில் இருப்பதால் அவரே லைனில் வர வேண்டும் என்றாள். காது கேட்காது, பேச்சும் வராது என்று சொன்னேன்.

"பரவாயில்ல மேம். அவங்க பேரை மட்டும் சொல்லச் சொல்லுங்க, போதும்."

திரும்பவும் விளக்கினேன். அப்படியென்றால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்றாள். மேலே இருப்பவரைக் கேட்டேன். அவர் வந்து பின்கோடு வாங்கிப் பார்த்துவிட்டு, உங்கள் பகுதிக்கு எங்கள் சேவை கிடையாது, சென்னைக் கிளைக்கு எடுத்துப்போங்கள் என்றார். நடுவில் கடல் இருக்கிறது, கப்பலோ விமானமோ பிடிக்க வேண்டும் என்றேன். "உங்க வசதிப்படி போங்க மேம்" என்றார், பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல. மறுநாள், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு மெசேஜ் வந்தது. போனைக் கட்டிலில் எறிந்தேன். தரையில் எறியாத அளவுக்குத்தான் புத்தி இருந்தது.

பிறகு பஜாரில் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரர் ஹிந்தியில் என்னிடம் மட்டுமே பேசினார். அண்ணன் மூடியைச் சாய்த்து, பார், இங்கே வருகிறது, இங்கே போகிறது என்று காட்டினான். அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, "போர்டு கயா, தீதி" என்றார். போர்டு போய்விட்டது அக்கா, இதில் இனி ஒன்றுமில்லை, புதுசு வாங்குங்கள் என்று அர்த்தம். அதோடு விட்டிருந்தால் வந்திருப்பேன். அண்ணனைத் தலையால் சுட்டிக்காட்டி, இவருக்கு எதற்கு லேப்டாப், படம் பார்க்க போன் போதாதா என்றும் கேட்டார்.

அண்ணனுக்கு ஹிந்தி உதடு பிடிபடாது, ஆனால் முகம் பிடிபடும். என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டான். நான் ஒரு சொல் விடாமல் கையால் சொன்னேன். அவன் கவுண்டரிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டான். அந்த ஆளிடம் நான் ஏதேதோ சொன்னேன். கோபத்தில் எனக்கு ஹிந்தி உடைந்து தமிழாகிவிடும், அதனால் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் டிவி வயரை லேப்டாப்பில் செருகினான். கோவைக் கூட்டாளி சொல்லிக் கொடுத்த வழி. டிவியில் படம் பளிச்சென்று வந்தது, ஒரு கோடு இல்லை. போர்டு செத்திருந்தால் இது எங்கிருந்து வந்தது? திரையைச் சுற்றியிருந்த சட்டத்தின் திருகுகளைச் சின்ன ரப்பர் மூடிகள் மறைத்திருந்தன. அவற்றைச் சுற்றி வருஷக்கணக்கான அழுக்கு அப்படியே அப்பிக் கிடந்தது. ஒருவரும் திறக்கவே இல்லை. திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்களே பிரித்தோம். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணன் திருகு கழற்ற, நான் டார்ச் பிடித்தேன். அதில் ஒரு சங்கடம். கை வேலையில் இருக்கும்போது அவனால் பேச முடியாது, கையில் டார்ச் இருக்கும்போது என்னால் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் எல்லாவற்றையும் கீழே வைக்க வேண்டும். சட்டத்தை நெம்பும்போது ஒரு கொக்கி உடைந்தது. வெளிச்சத்தை ஆட்டிவிட்டாய் என்று அவன், அவசரப்பட்டாய் என்று நான். டார்ச்சை மேசையில் வைத்துவிட்டுச் சண்டை போட்டோம்.

திரைக்குப் பின்னால் நாடா மாதிரி ஒரு கேபிள். அது செருகியிருந்த இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. இங்கே உப்புக்காற்று விட்டுவைக்கிற பொருள் ஏது? மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பழைய பல் பிரஷை நனைத்துத் துடைத்து, காயவிட்டுச் செருகினோம். படம் வந்தது. நான் காபி போட்டு வருவதற்குள் போய்விட்டது. மறுபடி பிரித்தபோதுதான் மூடியின் கீல் பக்கத்தில் கேபிள் மடங்கி மடங்கித் தோல் உரிந்திருந்தது தெரிந்தது. வேறு கேபிள்தான் வழி. ஆன்லைனில் தேடிய இடமெல்லாம் உங்கள் முகவரிக்கு அனுப்ப முடியாது என்றது. ஓட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு மட்டும் இந்த முகவரி எப்படியோ கிடைத்துவிடுகிறது.

சென்னைக் கூட்டாளிக்கு அண்ணன் கேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அவர் கடை கடையாக ஏறினார். அவருக்கும் காது கேட்காது, ஆகவே ஒவ்வொரு கடையிலும் போட்டோவை நீட்டி நிற்க வேண்டும். முதல் கேபிளின் முனை வேறு மாதிரி இருந்தது. படத்தில் பார்த்து அண்ணன் வேண்டாம் என்றதும் மாற்றி வாங்கினார். லீவு முடிந்து சென்னையிலிருந்து திரும்பிய என் ஆபீஸ்காரி ஒருத்தி அதைக் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள்.

மாட்டினோம். திரை கறுப்பாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் திரும்பக் கழற்றி, முனையை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். இந்த முறை சரியாக உட்கார்ந்தது. திரை வெளுத்து, நிறம் பிடித்து, படம் முழுசாக வந்தது. மூடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். போகவில்லை. உடைந்த கொக்கி இருந்த மூலையில் மட்டும் இன்றுவரை செலோடேப்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடினார்கள், கையும் தலையுமாக. அண்ணன் ரிப்பேர் கடைக்காரராகவே மாறி நடித்துக் காட்டினான். தலையால் சுட்டிய விதத்தை அவன் செய்ததும் கூட்டம் மொத்தமும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன்.

பிறகு அவரவர் கதை வந்தது. நாகர்கோவில்காரருக்கு வங்கி அட்டை முடங்கிவிட்டதாம். திறக்க வேண்டுமென்றால் போனில் அவர் குரலில் பேசியே ஆக வேண்டும் என்றார்களாம். சென்னைக்காரர் ஆஸ்பத்திரியில் காத்திருந்தாராம். பெயரைக் கூப்பிட்டோம், நீங்கள்தான் வரவில்லை என்று கடைசி ஆளாகத் தள்ளிவிட்டார்களாம். எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுக்கெல்லாம் கோபமே வராதா உங்களுக்கு?" என்று அண்ணனின் தோளைத் தட்டிக் கையால் கேட்டேன்.

"தினம் தினம் வந்தா சாப்பிடுறது எப்போ?" என்றான், அதே வேகத்தில்.

பிறகு பேச்சு யாரோ ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தாவிவிட்டது. யார் யார் போகிறார்கள், எங்கே தங்குவது என்று திரை முழுக்கக் கைகள் பறந்தன. எனக்குத்தான் ஆறவில்லை. இதை எழுதும்போதும் ஆறவில்லை.