ஆறு எண்ணுவதற்குள்

சமையலறை வாசற்படியில் குந்தி உட்கார்ந்து, நீலக் கோலிக்குண்டைத் தரையில் வைத்து, விரலை எடுத்தாள் ட்விலா ஸ்விங்க். குண்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு வேலைக்கு நேரமாகிவிட்ட குமாஸ்தாபோல விறுவிறுவென்று கிளம்பி, கூடத்தைக் கடந்து, நடையில் உருண்டு, தெருக்கதவில் ‘டொக்’ என்று முட்டி நின்றது.

“ஆறு” என்றாள் ட்விலா, எதிர்வீட்டு நாய்க்கும் கேட்கும்படி.

வீடு பார்க்க வந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டை முடிக்காமலே காருக்கு நடந்தார்கள்.

“உனக்கு வேற சோலியே இல்லையாடி?” என்றாள் தரகர் மார்லா கோய்னர். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அந்தப் பாவத்துக்குத்தான் மார்லாவால் இவளை வெளியே தள்ள முடியவில்லை.

ட்விலாவுக்கு ஐம்பத்துநாலு வயது. வாரத்தில் ஆறு நாள் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் ஆம்லெட் போடுகிறாள். எந்தப் பையன் வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்குவான், எந்தப் பெண் பரீட்சையன்று காரம் கூடக் கேட்பாள் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். “மிஸ் ட்விலா, முட்டை வேணாம், உங்க ஆசீர்வாதம் மட்டும் போதும்” என்று தேர்வு வாரத்தில் வரிசையில் நிற்பார்கள். “ஆசீர்வாதம் தீந்துபோச்சு, காளான்தான் இருக்கு” என்பாள்.

ஏழாம் நாள் அவளுக்குக் கோலிக்குண்டுதான் கோவில். விற்கிற வீட்டை யார் வந்தாலும் திறந்து காட்டும் ஞாயிறு மதியம், எந்த வீட்டுப் புல்வெளியில் ‘விற்பனைக்கு’ பலகையும் பலூனும் தெரிகிறதோ அங்கே ஆஜர். குழாயைத் திறப்பாள், கழிப்பறைச் சங்கிலியை இழுப்பாள், இரண்டு பிஸ்கட் எடுப்பாள், குண்டை உருட்டுவாள். வருகைப் புத்தகத்தில் ‘சும்மா’ என்று எழுதுவாள். கல்லூரியைச் சுற்றியுள்ள வீடெல்லாம் நூற்றைம்பது வயதுக் கிழங்கள். விற்பதற்கு முன்னால் புதுப் பெயின்ட் அடித்து மாப்பிள்ளைக் கோலத்தில் நிறுத்திவிடுவார்கள். “பெயின்ட் பொய் சொல்லும், மார்லா அதவிட அழகா சொல்லுவா, கோலிக்குச் சொல்லத் தெரியாது” என்பது ட்விலாவின் வேதம்.

அவள் குடியிருப்பது சலவைக்கடைக்கு மேல்மாடியில், இருபத்தாறு வருஷமாக வாடகைக்கு. அங்கே குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். சிமென்ட் தரை. “உசுரில்லாத தரை” என்று திட்டுவாள்.

டான்யார்ட் தெருவின் இந்த மஞ்சள் வீட்டுக்கு மட்டும் மூன்று ஞாயிறாகத் தொடர்ந்து வருகிறாள். மார்லா அதைத் தன்மேல் உள்ள பழைய கோபம் என்றே நினைத்திருந்தாள், வெள்ளிக்கிழமை ட்விலா வீட்டை வாங்கத் தான் தரும் விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டும்வரை. பின்னால் ஓடைவரை இறங்கும் துண்டு நிலம், அதில் தக்காளி. கிழக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி. கோழி மட்டும் கிடையாது. முட்டையை வாரம் ஆறு நாள் பார்த்தது போதும். இவ்வளவுதான் திட்டம். ஒஹாயோவில் இருக்கும் வீட்டு உரிமையாளர்கள், ஓர் அண்ணனும் தம்பியும், இன்று ஐந்து மணிக்கு முடிவு சொல்வார்கள். அதற்குள் வேறு யாராவது ஒரு டாலர் கூட்டிக் கேட்டால் போச்சு.

ஆகவே குண்டு இன்று ஓயாமல் உருண்டது. பொய் ஒன்றும் இல்லை. அது உருண்டது, அவள் எண்ணினாள். மீதியை வந்தவர்கள் தாங்களே கற்பனை செய்துகொண்டு ஓடினார்கள்.

நாலரை மணிக்கு சார்லட் நகரத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ப்ரூயிட், மகள் இந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். குண்டு உருளுவதைப் பார்த்தார். ஓடவில்லை. குனிந்து எடுத்து ட்விலாவிடமே கொடுத்தார்.

“ஏங்க, இது எப்பவுமே இப்படித்தானா, இல்ல இப்பத்தான் சாய ஆரம்பிச்சிருக்கா?”

மூன்று ஞாயிறாக யாரும் கேட்காத கேள்வி. மார்லாவுக்கே பதில் தெரியாது. ட்விலாவின் காது இரண்டும் தக்காளியாகிவிட்டன. ‘யாருக்குத் தெரியும்’ என்று தோளைக் குலுக்கினால் முடிந்தது. அவள் பையைத் திறந்து, உருட்டிய வீட்டுக் கணக்கெல்லாம் எழுதிவைத்த, எண்ணெய்க் கறை படிந்த நோட்டை எடுத்து, பக்கம் புரட்டிக் காட்டினாள்.

“பதினோரு வருஷத்துல மூணு தடவ விலைக்கு வந்திருக்கு சார். மூணு தடவையும் உருட்டியிருக்கேன். எண்ணி ஆறு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சாயவேண்டியதெல்லாம் நாம பொறக்குறதுக்கு முன்னாடியே சாஞ்சு முடிச்சிருச்சு. இனிமே அசையாது.”

“அப்ப தாராளமா வாங்கலாம்?”

“வாங்கலாம்” என்றாள். நோட்டை மூடிப் பைக்குள் போட்டாள்.

மார்லா பிஸ்கட் தட்டைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்தாள்.

ப்ரூயிட் வாசலில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். நடந்துகொண்டே பேசினார். ட்விலா சமையலறைக் குழாயை நான்கு தடவை திறந்து மூடினாள். கடைசியில் அவர் சிரித்தபடி உள்ளே வந்தார்.

“நல்ல வீடுதாங்க. ஆனா மாமியாரும் எங்ககூட வந்து தங்குவாங்க. அவங்க நடக்கிறது சக்கரம் வெச்ச நடைவண்டியில. நீங்க ஆறு எண்ணுறதுக்குள்ள தெருவுக்குப் போயிருவாங்க.”

கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

கல்லூரி மணி ஐந்து அடித்தது. மார்லாவின் போன் ஒலித்தது. அவள் தாழ்வாரத்துக்குப் போய், “ம்”, “ம்” என்று ஏழெட்டுத் தடவை சொல்லி, உம்மென்ற முகத்தோடு திரும்பினாள்.

“அந்தக் குண்டைக் குடு” என்று கையை நீட்டினாள்.

ட்விலா கொடுத்தாள்.

மார்லா குதிகால் செருப்பைக் கழற்றி எறிந்தாள். இறுக்கமான பாவாடையோடு படாதபாடு பட்டு, சமையலறை வாசற்படியில் குந்தினாள்.

“போய் வாசல்ல உக்காருங்க, வீட்டுக்காரம்மா.”

ட்விலா நடையைக் கடந்து போய், தெருக்கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். அங்கே குண்டு கிளம்பிவிட்டது. அவள் எண்ணவில்லை. உள்ளங்கையைத் தரையோடு தரையாக விரித்து வைத்துக்கொண்டாள்.